ஒரே தடவையில் எடுத்த காட்சி

உருத்திரபுரம்,
04.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நெல் வெட்டி, காயவைத்து, வீட்டுக்குள் வந்துவிட்டது. இவருக்கு மட்டும் இடுப்பில் நோ. எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் காது எந்த மட்டில்? மகன் திலீபன் வாங்கித் தந்த காது மிஷினைப் போடுகிறீர்களா, அல்லது அது அலுமாரிக்குள் இருந்து தன்பாட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறதா? போனில் உங்களோடு கதைக்க முடியாமல் போனது கவலைதான். ஆனால் உங்கள் கையெழுத்து மாதத்துக்கு ஒருக்கால் வீடு தேடி வருகிறது. அது லாபம்.

இங்கே ஒரு புதினம். பக்கத்து வீட்டு யதுர்ஷிகா கம்பஸ் முடித்து வந்திருக்கிறாள் அல்லவா? அவள் பேய்ப்படம் எடுக்கப் போகிறாளாம். அரை மணித்தியாலப் படம். இதற்காக ஊரில் கண்ட எல்லாரையும் மறித்து, "படத்தில நீங்கள் ஆகலும் பயந்த இடம் எது?" என்று கேட்டுத் திரிகிறாள். முடக்குக் கடை அண்ணை சொன்னாராம்: "பேய் வந்தா இருந்து பாப்பன் பிள்ளை. ஹெலிகொப்டர் வந்தா எழும்பிப் போடுவன்." அவளுடைய தாய்க்கு, கல்யாண வீட்டுக் காட்சியில் பாட்டு சட்டென்று நின்றால் நெஞ்சு பதறுமாம். இவருக்குப் பாம்பு. படப் பாம்பைக் கண்டாலே கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்பது உங்களுக்கே தெரியும்.

கடைசியில் என்னைப் பார்த்து, "மாமி, நீங்கள்தான் என்ர பேய்" என்றாள். "ஏனடி?" என்றேன். "நீங்கள் ஆக்களைப் பாக்கேக்கை, அவையளுக்குப் பின்னால ஆரோ நிக்கிற மாதிரிப் பாக்கிறியள். அது நடிச்சு வராது" என்றாள். ஓமென்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் எந்தக் காட்சிக்குப் பயப்படுவீர்கள்? எழுதுங்கள், அவளிடம் சொல்ல வேண்டும். பேரப்பிள்ளைக்கு என் முத்தம்.

தங்கச்சி இரஞ்சிதம்


பூவரசங்குளம்,
16.02.2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்த அன்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தடிமன். இருமிக்கொண்டே சிரித்தோம். இப்போது எல்லாரும் எழும்பி நடமாடுகிறோம். மச்சானின் இடுப்புக்கு நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசிவிடு.

நீயா பேய்? அம்மா இருந்திருந்தால் உனக்குத் திருநீறு பூசிவிட்டுத்தான் நடிக்க அனுப்பியிருப்பா.

என்னைக் கேட்டாய். காது போன பிறகு பேய்ப்படம் எனக்குப் பகிடிப் படமாகிவிட்டது. மருமகள் நிரோஜா கண்ணைப் பொத்திக்கொண்டு இருப்பாள். நான் பார்த்தால், ஒரு பெண் தலைமயிரை விரித்து, பல் டொக்டரிடம் காட்டப் போனவள் மாதிரி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறாள். அவ்வளவுதான். பயமுறுத்துவதெல்லாம் சத்தம்தான் போலிருக்கிறது. எனக்குப் பயம் வருவது வேறு இடத்தில். படத்தில் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு கதைத்தால் எனக்குப் பதறும். என்ன சொல்கிறாரோ, யாருக்குச் சொல்கிறாரோ என்றிருக்கும். யதுர்ஷிகாவிடம் இதைச் சொல்.

உன்னுடைய பயத்தை நீ சொல்லவில்லை, நான் சொல்கிறேன். பெரியப்பா வீட்டில் ஜெனரேற்றர் பிடித்து, வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துப் படம் போட்ட நாள் நினைவிருக்கிறதா? பேய் வந்தபோது நீ கச்சான் தின்றுகொண்டிருந்தாய். பிறகு ஒரு வைத்தியர் ஊசியை ஒருவனின் திறந்த கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். நீ எழும்பி ஓடிப்போய்ப் படலையடியில் நின்றாய். படம் முடியும் வரை உள்ளே வரவேயில்லை.

அது சரி, ஏன் உன் எழுத்து இவ்வளவு பெரிது? மதிலில் நோட்டீஸ் ஒட்டுகிறவன் மாதிரி எழுதியிருக்கிறாய்.

அக்கா விமலேஸ்வரி


உருத்திரபுரம்,
17.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் பாடுபட்டுக்கொண்டு நல்லாக இருக்கிறோம். உங்கள் வீட்டுத் தடிமன் போய்விட்டதா?

எழுத்தைப் பற்றிக் கேட்டீர்கள். உங்களுக்கும் வயது போகிறது. வாசிக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான்.

படப்பிடிப்புத் தொடங்கிவிட்டது. என் முகத்துக்குப் பவுடரும், கண்ணுக்குக் கீழே கரியும். கதை இதுதான்: செத்துப்போன ஒரு மனிசி, தன் பழைய வீட்டில் குடியிருக்க வந்தவர்களின் குசினியில் ஒவ்வொரு நாளும் சமைத்துவிட்டுப் போகிறாள். அவளுக்குத் தான் செத்தது தெரியாது. முதல் நாள் என் கோலத்தைக் கண்டு பசு கயிற்றை அறுத்துக்கொண்டு வாய்க்கால் மட்டும் ஓடியது. இவர் அதைப் பிடிக்க ஓடினார். அதையும் யதுர்ஷிகா படமெடுத்தாள்.

நடிப்பென்று வந்த பிறகு வீட்டு வேலை கொஞ்சம் தட்டுத்தடுமாறுகிறது. நேற்றுத் தேத்தண்ணீருக்குள் சீனிக்குப் பதிலாக உப்பு. "என்னப்பா, பேயாய்ப் போன உடனை உமக்கு ருசியும் போச்சோ?" என்று கேட்டுவிட்டு இவர் முழுவதையும் குடித்து முடித்தார். மனிதர் அப்படித்தான்.

நீங்கள் சொன்ன முதுகுக் காட்சி யதுர்ஷிகாவுக்கு நல்லாகப் பிடித்துவிட்டது. படத்தில் வைக்கப் போகிறாளாம். அந்த ஊசிக் கதையை ஏன் நினைவுபடுத்தினீர்கள்? எழுதும்போதே கண் கூசுகிறது.

உங்கள்
இரஞ்சிதம்


பூவரசங்குளம்,
28.03.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். பேத்திக்குப் பல் முளைக்கிறது, கண்டதெல்லாவற்றையும் கடிக்கிறாள். என் காது மிஷினையும் கடித்துப் பார்த்தாள். அதற்காவது அது உதவட்டும்.

உன் படக்கதையைத் திலீபனிடம் சொன்னேன். உனக்குத் தெரியும், சின்ன வயதில் அவன் பேய்ப்படமென்றால் முன்வரிசையில் இருப்பான். இப்போது அவனுக்கு எது பயம் தெரியுமா? படத்தில் சனக்கூட்டத்துக்குள் ஒரு பிள்ளை தாயின் கையை விட்டுவிடும் காட்சி. போன கிழமை அப்படி ஒன்று வந்தது. நிரோஜாவிடம் இருந்த பேத்தியைப் பறித்து மடியில் வைத்துக்கொண்டுதான் மிச்சத்தைப் பார்த்தான். ஒரு வருடத்துக்கு முன்னர் அவனுக்கு இந்தப் பயம் இல்லை. ஆளுக்கு ஆள் மட்டுமில்லை, அதே ஆளுக்கே பயம் மாறுகிறது.

வருடப்பிறப்புக்கு இரண்டு பேரும் வாருங்கள். கடிதத்தில் எவ்வளவுதான் சிரிக்கிறது. உன் முகத்தைப் பார்த்து எவ்வளவு காலம்!

அக்கா விமலேஸ்வரி


உருத்திரபுரம்,
12.05.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கையெழுத்தைக் கண்டு யோசிக்க வேண்டாம். அடுப்பில் விரலைச் சுட்டுக்கொண்டேன். நான் சொல்லச் சொல்ல யதுர்ஷிகா எழுதுகிறாள். மற்றப்படி எல்லாம் நலம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

வருடப்பிறப்புக்கு வராததற்குக் கோபிக்கக் கூடாது. பசு கன்று போட்டிருந்தது. பிறகு வெயில். பிறகு சிறுபோக விதைப்பு.

படம் முக்கால்வாசி முடிந்துவிட்டது. பெரிய காட்சி ஒன்று எடுத்தோம். பொழுதுபட்ட நேரம், நான் குசினியிலிருந்து வெளியே வந்து, படியிறங்கி, கிணற்றடிக்குப் போக வேண்டும். வேறொன்றுமில்லை, நடப்பதுதான். யதுர்ஷிகா ஒரே தடவையில் எடுத்துவிட்டாள். எடுத்து முடித்ததும் ஓடிவந்து என்னைக் கட்டிப் பிடித்து, "மாமி, எனக்கே மயிர் கூச்செறிஞ்சு போச்சு. கையை அப்பிடி நீட்டச் சொல்லி ஆர் சொல்லித் தந்தது?" என்றாள். (பெரிய மாமி, உண்மையாகவே அப்படித்தான் சொன்னேன். – யது)

திலீபனின் போனுக்கு அதை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பார்த்துவிட்டு எழுதுங்கள். உங்கள் தங்கச்சி ஒரு நடிகை என்று பூவரசங்குளம் முழுவதும் சொல்லலாம்.

இரஞ்சிதம்


பூவரசங்குளம்,
21.05.2024

அன்புத் தங்கச்சிக்கு,

இதை யதுர்ஷிகாதான் உனக்கு வாசிப்பாள் என்று எனக்குத் தெரியும். பிள்ளை, இதைச் சத்தமாக வாசி. ஒரு வரியும் விடாதே.

நாங்கள் எல்லாரும் சுகம். உன் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

திலீபன் படத்தை ரீவியில் போட்டான். நீ குசினி வாசலில் வந்து நின்றதும் நிரோஜா தலையணையால் முகத்தை மூடினாள். திலீபன் வாயில் கையை வைத்தான். அந்த இடத்தில் ஒரு உடுக்குச் சத்தம் வருகிறதாம். எனக்கு அது இல்லை. எனக்கு உன் முகமும் கையும் காலும் மட்டும்தான்.

"திருப்பிப் போடு மோனை" என்றேன். திரும்பவும் போடச் சொன்னேன். "அம்மா, பயமெண்டா விடுங்கோ" என்றான். அவனுக்கு விளங்கவில்லை.

இரஞ்சி, நீ கையை நீட்டியது பேய் மாதிரி இல்லை. கதவு நிலையைத் தேடி நீட்டினாய். அது தட்டுப்பட்ட பிறகுதான் உன் முகத்தில் உயிர் வந்தது. படியில் இறங்கும் முன்னர் பெருவிரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தாய். நடு முற்றத்தில் தண்ணீர்க் குடம் இருந்தது. வெள்ளி மாதிரிப் பளபளக்கிற குடம். அதில் கால் இடித்த பிறகுதான் அங்கே குடம் இருப்பது உனக்குத் தெரிந்தது.

பெரிய எழுத்து. உப்புத் தேத்தண்ணீர். வருடப்பிறப்புக்கு வராதது. சுட்ட விரல்.

உனக்குக் கண் தெரியவில்லை. எவ்வளவு காலமாக?

படங்களில் எத்தனையோ பேய்களைப் பார்த்திருக்கிறேன். இதைப்போல ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை. உண்மையை எழுது.

அக்கா


உருத்திரபுரம்,
02.06.2024

அன்புள்ள பெரிய மாமிக்கு,

நலமாக இருக்க வேண்டுகிறேன். இது மாமி சொல்லி எழுதுவதில்லை, நானே எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடி சத்தமாக வாசித்தேன். குடத்தின் இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். "வாசி பிள்ளை" என்றார் மாமி. முழுவதையும் வாசித்தேன். நிமிர்ந்து பார்த்தால், இளையதம்பி மாமா பசுக் கயிற்றோடு வாசலில் நிற்கிறார். எப்போது வந்தாரோ தெரியாது.

"இஞ்சரும், எனக்கேன் இதைச் சொல்லேல்லை?" என்று கேட்டார்.

"சொன்னா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவியளெல்லோ" என்றார் மாமி.

மாமா கதிரையில் இருந்துவிட்டார். "உப்புத் தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டுச் சிரிச்சனான். நானெல்லோ விசரன்" என்றார். அதன் பிறகு அவர் மாமியைத் தனியே கிணற்றடிக்கு விடுவதில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் காட்டினோம். இரண்டு கண்ணிலும் கண்புரை. வலது கண்ணில் நல்லாக முற்றிவிட்டது. ஒப்பரேஷன் செய்தால் திரும்பப் பார்வை வரும் என்று டொக்டர் சொன்னார். ஆனால் மாமி, "கண்ணை முழிச்சபடி வைச்சுக்கொண்டு அதுக்குள்ள ஊசியோ? என்னாலை ஏலாது" என்று எழும்பி வந்துவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் மாமா எவ்வளவு கெஞ்சியும் கேட்கவில்லை. பனி மூட்டத்துக்குள் இருக்கிற மாதிரி இருக்கிறது, பழகிவிட்டது என்கிறார்.

நான் கெட்டித்தனமான நடிப்பென்று நினைத்துக் கைதட்டினேன். அந்தக் காட்சியை வெட்டிவிடட்டுமா? நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்.

அன்புடன்,
யதுர்ஷிகா


பூவரசங்குளம்,
09.06.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் நலம் என்று எழுதத்தான் வேண்டும். எழுதிவிட்டேன்.

முதலில் யதுர்ஷிகாவுக்கு: பிள்ளை, நீ ஒரு பிழையும் செய்யவில்லை. நீ படமெடுத்திருக்காவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் காட்சியை வெட்டாதே. அவள் அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

இரஞ்சி, உன்னைப் பேச எனக்கு உரிமை இருக்கிறது, ஆனால் பேசப்போவதில்லை. ஊசிக்குப் பயப்படுவதும் பயம்தான். உன்னை இழுத்துக்கொண்டு போய்க் கட்டிலில் கிடத்த யாராலும் முடியாது.

ஆனால் என் பயத்தையும் கேள். எனக்கு இனிக் காது வராது. டொக்டர் சொல்லிவிட்டார். எனக்கு நீ கதைப்பது இந்தக் காகிதத்தில்தான். உன் கண்ணும் போனால் நான் எழுதுவதை நீ வாசிக்க மாட்டாய். நீ சொல்வதை நான் கேட்க மாட்டேன். ஒரு நாள் நாங்கள் இரண்டு பேரும் ஒரே விறாந்தையில் முகத்துக்கு முகம் இருப்போம். உன் வாய் அசையும். எழுதிக் காட்டு என்று நான் காகிதத்தை நீட்டுவேன், உனக்கு அது தெரியாது. நடுவில் இன்னொருவர் இல்லாமல் எனக்கும் உனக்கும் ஒரு கதையும் இருக்காது. யது இன்றைக்கு இருக்கிறாள். நாளைக்கு வேலை கிடைத்துப் போய்விடுவாள். அவளை வைத்துக்கொண்டு எல்லாக் கதையும் கதைக்கவும் முடியாது.

யதுர்ஷிகா முதலில் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் சரியான பதில் சொல்கிறேன். நான் ஆகலும் பயப்படுகிற காட்சி அதுதான். இன்னும் எடுக்கப்படாத காட்சி. அதை எடுக்க விடாதே.

நீ ஓமென்றால் நான் வருகிறேன். ஓமந்தை தாண்டித் தனியே பஸ்ஸில் வந்து கனகாலம். கொண்டக்டர் இறங்கச் சொல்வது எனக்குக் கேட்காது. ஆனாலும் வருவேன்.

அக்கா


உருத்திரபுரம்,
14.07.2024

அக்கா,

இது என் கை. கோணலாக இருக்கும். யதுவைக் கேட்காமல் எழுதுகிறேன். ஆவணியில் திகதி தந்திருக்கிறார்கள். பயமாக இருக்கிறது. வாங்கோ.

இரஞ்சி


உருத்திரபுரம்,
08.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்ததாகத் திலீபன் சொன்னான். கொண்டக்டர் உங்களைக் கைபிடித்து இறக்கிவிட்டானாம், நல்ல பிள்ளை. நான் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு, குனியாமல், பாரம் தூக்காமல், இளவரசி மாதிரி இருக்கிறேன். இன்றைக்குத்தான் எழுத விட்டார்கள். எழுத்தைப் பாருங்கள், எவ்வளவு சின்னது!

ஒப்பரேஷன் அன்று நீங்கள் வெளியே வாங்குப் பலகையில் இருந்தீர்கள். உள்ளே நடந்ததை நான் சொல்ல வேண்டும். வலது கண்ணுக்கு மருந்து விட்டு விறைக்கப் பண்ணினார்கள். முகத்தை ஒரு துணியால் மூடி, அந்தக் கண்ணை மட்டும் வெளியில் விட்டார்கள். ஊசி வருகிறது, ஊசி வருகிறது என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அக்கா, ஊசியையும் காணவில்லை, கத்தியையும் காணவில்லை. ஒரு வெளிச்சம் மட்டும். குளத்துத் தண்ணீருக்கு அடியில் கிடந்து சூரியனைப் பார்க்கிற மாதிரி. நிறமெல்லாம் கலங்கிக் கலங்கி வந்தது. பயந்தபடி கிடந்தவள், பிறகு பயத்தை விட்டுவிட்டுப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

தொடங்குவதற்கு முன்னர், நடுக்கத்தை மறைக்க நேர்ஸ் பிள்ளையிடம் யதுவின் கேள்வியைக் கேட்டேன். அவள் சொன்னாள்: "அம்மா, படத்தில ஆஸ்பத்திரியைக் காட்டினாலே எனக்குப் பயம். கையுறை போடாமல் ஒப்பரேஷன் செய்வினம்." டொக்டரும் சிரித்தார். "இனிக் கதைக்கக்கூடாது" என்றார்.

கட்டு அவிழ்த்த பிறகு நான் கண்ட பயங்கரங்களைக் கேளுங்கள். குசினி மூலையெல்லாம் சிலந்தி வலை. சுவரில் எண்ணெய்க் கறை. இதற்குள்ளா இவ்வளவு நாளும் சமைத்தேன்? இவருடைய புருவம் முழுவதும் வெள்ளை. "எப்பவப்பா நரைச்சது?" என்று கேட்டேன். "நீர் பாக்காத நேரம்" என்றார்.

நீங்கள் என் பக்கத்தில் இருந்து சோறு குழைத்துத் தந்தீர்களே, அப்போது உங்களை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏனென்று கேட்டீர்கள், இப்போது சொல்கிறேன். கடைசியாகத் தெளிவாகப் பார்த்தபோது உங்களுக்கு இவ்வளவு சுருக்கம் இல்லை. வடிவாகத்தான் இருக்கிறீர்கள்.

உங்கள்
இரஞ்சிதம்


பூவரசங்குளம்,
27.10.2024

அன்புத் தங்கச்சிக்கு,

மழை பிடித்துவிட்டது. பஸ்ஸால் இறங்கி நனைந்துகொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். ஆனாலும் தடிமன் இல்லை. உன் கண்ணில் மழைத்தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்.

மண்டபத்தில் யதுவின் படம் போட்ட அன்று உனக்குச் சொல்ல முடியாததை எழுதுகிறேன். அந்தச் சனத்துக்குள் வாயைத் திறந்தால் என் குரல் எவ்வளவு பெரிதாக வருமென்று எனக்கே தெரியாது.

கிளிநொச்சியில் இவ்வளவு சனம் வருமென்று நான் நினைக்கவில்லை. உன் காட்சி வந்தபோது எனக்குச் சத்தம் கேட்கவில்லை. ஆனால் நான் இருந்த வாங்கு அதிர்ந்தது. முன்னால் இருந்த பொடியன்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். முடக்குக் கடைக்காரர் எழும்பி நின்றேவிட்டார், ஹெலி இல்லாமலே. யதுர்ஷிகா திரையைப் பார்க்கவேயில்லை; ஓரத்தில் நின்று சனத்தின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சந்தோசத்தைப் பார்க்க வேண்டுமே!

ஆனால் அந்த மண்டபத்திலேயே ஆகலும் பயந்த ஆள் யார் தெரியுமா? நீ. திரையில் குசினிக்குள்ளிருந்து நீ வெளியே வந்ததும், வாங்கில் இருந்த நீ என் கையைப் பிடித்தாய். உன் நகம் பதிந்த இடம் அடுத்த நாளும் சிவந்திருந்தது. படி வந்தபோது, திரையில் இருந்தவளுக்கு வழி சொல்கிறவள் மாதிரி உன் வாய் அசைந்தது. வெளிச்சம் உன் முகத்தில் பட்டதால் எனக்குத் தெரிந்தது. "பாத்து, பாத்து" என்றாய். அது மட்டும் எனக்கு நல்லாகக் கேட்டது.

திலீபனும் நிரோஜாவும் உன்னை விசாரித்தார்கள்.

அக்கா விமலேஸ்வரி


உருத்திரபுரம்,
10.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வாய்க்கால் நிரம்பி ஓடுகிறது, வயல் பச்சை, நாங்கள் சுகம். உங்கள் கடிதத்தை விறாந்தையில் இருந்து நானே வாசித்தேன். முடித்துவிட்டுத் திரும்பவும் முதலில் இருந்து வாசித்தேன். இவர் வந்து, "என்னவாம்?" என்றார். "அது எங்கட கதை" என்று மடித்து வைத்துவிட்டேன்.

யதுர்ஷிகாவுக்கு யாழ்ப்பாணத்தில் வேலை கிடைத்துவிட்டது. போகும்போது, அடுத்த படத்தில் எனக்குக் கல்யாணப் பெண்ணின் தாய் வேடம் என்றாள். பேய்தான் எனக்கு வசதி, பட்டுச்சேலை கட்டத் தேவையில்லை என்று சொல்லிவிட்டேன்.

மற்றக் கண்ணுக்கும் திகதி வந்துவிட்டது, தை மாதம். நீங்கள் இந்த மழைக்குள்ளும் பனிக்குள்ளும் அலைய வேண்டாம். எனக்கு இப்போது பயமில்லை, உள்ளே என்ன நடக்கும் என்று எல்லாம் தெரியும். இவரும் கூட இருப்பார். ஆகவே வரத் தேவையில்லை அக்கா.

ஆனாலும் வாங்கோ.

இரஞ்சி